ஓரத்துச் சிப்பாய்

எட்டாம் கட்டில்காரி பதினோரு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அவள் வந்த பேருந்து பாலத்தில் கவிழ்ந்தது. அவளுக்கு ஒரு கை உடைந்தது. அவள் தம்பி பிழைக்கவில்லை.

ஏழாம் கட்டிலில் இருந்த சிறுமிக்குத் தொடை எலும்பு முறிவு. காலில் எடை கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். வாய்க்கு மட்டும் யாரும் கட்டுப் போடவில்லை. அதனால் நர்ஸ் அவளை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார்.

மதியம் நர்ஸ் ஆளுக்கொரு கிண்ணம் சூப் வைத்தார்.

"மூணு மணிக்குள்ள இது உள்ள போகலைன்னா, மூக்கு வழியா குழாய் விடச் சொல்லிட்டார் டாக்டர்," என்று எட்டாம் கட்டில்காரியின் சித்தியிடம் மெதுவாகச் சொன்னார்.

சித்தி கரண்டியை நீட்டினார். "ஒரே ஒரு வாய், கண்ணு. என்னைப் பாரு."

அவள் பார்க்கவில்லை. சித்தி கரண்டியை வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

போன வாரம் மூன்றாம் கட்டிலில் குழாய் விட்டபோது எழுந்த அலறலை வாயாடி கேட்டிருக்கிறாள். கண்ணை மூடினாள். 'கடவுளே, இவளுக்கு வேண்டாம்.'

எல்லாரும் நேரே வந்து 'பேசு' என்றார்கள், 'சாப்பிடு' என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு கட்டில்களுக்கும் இடையே இருந்த மேசையில், சித்தி கொண்டுவந்த சதுரங்கப் பலகை தொடப்படாமல் கிடந்தது. எட்டாம் கட்டில்காரி பள்ளியிலேயே முதல் ஆட்டக்காரியாம். வாயாடி எட்டி எட்டிக் காய்களை அடுக்கினாள்.

"வெள்ளை எனக்கு," என்று, இடது ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். "உன் முறை. மெதுவா ஆடு. என் கால் எங்கேயும் ஓடிடாது."

சுவர்க் கடிகாரம் இரண்டு காட்டியது. பிறகு இரண்டே கால்.

எட்டாம் கட்டில்காரியின் கழுத்து லேசாகத் திரும்பியது. பலகையைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. நல்ல கை போர்வைக்குள்ளிருந்து வந்தது. அந்தச் சிப்பாயை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தது. ராஜாவின் முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தியது.

"ஏய்! அது என் காய்!"

"முதல்ல நடுவைப் பிடிக்கணும்."

துரு ஏறிய குரல்.  வாயாடி வியப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. ராஜாவின் சிப்பாயைத் திரும்ப வைத்துவிட்டு, மறுபடி ஓரத்துச் சிப்பாயையே தள்ளினாள்.

"நடுவுல போனா எங்க அண்ணன் என்னை நசுக்கிடுவான். நடுவை நீயே வச்சுக்கோ. நான் ஓரமா வந்துக்கறேன்."

"இப்படி யாரும் ஆட மாட்டாங்க."

"அப்ப ஜெயிச்சுக் காட்டு."

எட்டாம் கட்டில்காரி தன் கறுப்பு நடுச் சிப்பாயை நகர்த்தினாள். வாயாடியின் மந்திரி ஓரத்து இடுக்கில் ஏறி, கோணலாக அதையே குறிபார்த்தது. அவளுடைய மந்திரி ஓரத்துச் சிப்பாயை வெட்டியது. உடனே வாயாடியின் மந்திரி பாய்ந்து நடுச் சிப்பாயை வெட்டியது.

"ம்," என்றாள் எட்டாம் கட்டில்காரி.

"இங்க ஒரு சட்டம் இருக்கு. ஒருத்தர் யோசிக்கிறப்போ மத்தவங்க சூப் குடிக்கணும்."

"யார் போட்ட சட்டம்?"

"ஏழாம் கட்டில்!"

அவள் ஒரு குதிரையை நகர்த்தினாள். வாயாடி கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துக் கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம் கேட்டது. வாயாடி தலையைத் தூக்கவே இல்லை.

பாதிக் கிண்ணத்தில் கரண்டி நின்றது.

"ஜன்னல் சீட்டை நான்தான் தம்பிக்குக் கொடுத்தேன்."

வாயாடி பலகையிலிருந்து கண்ணை எடுத்தாள். மெதுவாகக் கேட்டாள்: "அவன் கேட்டானா?"

"அழுதான்."

"கொடுத்ததும்?"

"சிரிச்சான். பாலம் வர்ற வரைக்கும் பாடிக்கிட்டே வந்தான்."

பதினோரு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. கண்ணீர் சூப்பிலும் விழுந்தது. வாயாடி 'அழாதே' என்று சொல்லவில்லை. கை நீட்டினாள். விரல் நுனிதான் எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டாள். அழுகை ஓய்ந்ததும் கரண்டி மறுபடி கிண்ணத்தில் உரசியது.

மூன்று மணிக்கு நர்ஸ் குழாயோடு வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அடியில் ஒரு கரண்டிதான் மிச்சம். குழாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சித்தியைத் தேடி விரைந்தார்.

எட்டாம் கட்டில்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ வேணும்னேதானே இவ்வளவு நேரம் யோசிச்சே?"

"சத்தியமா இல்ல. எனக்கு அடுத்து என்ன ஆடறதுன்னே தெரியல." வாயாடி அவசரமாக ஒரு சிப்பாயைத் தள்ளினாள்.

"சரி. இப்ப நான் யோசிக்கிறேன்," என்று அவள் வாயாடியின் நிறைந்த கிண்ணத்தைக் காட்டினாள். "குடி."

ஆறி, ஆடை படிந்துபோன சூப். வாயாடி மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.