ஒன்று நீளமாய், இரண்டு குட்டையாய்

பீ...ப். பிப். பிப்.

படம் உறைந்துபோனதால் நிறுத்திவிட்டு மறுபடி போட்ட கணினி, மேசைக்கடியிலிருந்து அலறியது. யாகோடாவின் கையிலிருந்த காபி முழங்காலில் சிந்தியது. ஒன்று நீளமாய், இரண்டு குட்டையாய். கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே. திரை கறுத்துக் கிடந்தது.

காபி சுட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இதே தாளத்தை அவள் போன வாரம் கேட்டிருந்தாள். கணினியிலிருந்து அல்ல.

மணி பகல் இரண்டு. மேலே பாலைவனம் கொதித்துக்கொண்டிருக்கும். ஓபல் கல் தோண்டிப் பிழைக்கும் இந்த ஊரில், குன்றைக் குடைந்து எடுத்த இந்த வீட்டில் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. விளக்கைப் போட்டால் வெளிச்சம், அணைத்தால் குகை, எந்நேரமும் ஈரமில்லாத மண்ணின் வாசனை, கூரையிலிருந்து எப்போதாவது பொலபொலவென்று உதிரும் வெள்ளைத் தூசி. கணவன் பிராங்கோ இறந்த நாளிலிருந்து அவள் இதற்குள் தனியாகத்தான் கிடக்கிறாள். அடிலெய்டில், கடலுக்குப் பக்கத்தில், ஜன்னல் வைத்த ஒரு வீடு. வேறெதுவும் அவள் கேட்கவில்லை. அந்த ஜன்னல் இப்போது மேசைமேல் கறுப்புத் துணியில் கிடந்தது. உள்ளங்கையளவு கறுப்பு ஓபல். திருப்பினால் சிவப்பும் பச்சையுமாய் நெருப்பு ஓடும். அதை வாங்கப்போகும் ஹாங்காங் வியாபாரி நாலு மணிக்குத் திரையில் வருவான். அதற்குள் கல்லின் படங்கள் அவனுக்குப் போயாக வேண்டும்.

காலையிலிருந்தே திரையில் தெரிந்த படத்தில் கோளாறு. கல்லைச் சுற்றியிருந்த கறுப்பில், இடது மூலையில், ஒரு வெளிறிய திட்டு. துடைத்தாலும் போகவில்லை. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுதான் சாகப்போகிறது என்று அப்போதே நினைத்தாள். அது, ஊரில் அவளைப்போலவே ஓபல் தோண்டும் மனோலிஸ் கொடுத்த பழைய கார்டு.

அலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"டேய் மனோலி, என் தலையில கட்டின சாமான் கத்துதுடா."

"ஒண்ணு நீளம், ரெண்டு குட்டையா?" அவன் வாயில் எதையோ மென்றபடி கேட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. "உனக்கெப்படித் தெரியும்?"

"கிராபிக்ஸ் கார்டைக் காணோம்னு மதர்போர்டு அப்படித்தான் அழும், கிழவி. மின்சாரத்தை எடுத்துட்டு கார்டைக் கழட்டு. தங்க நிறத்துல பல்லு பல்லா இருக்கும் பாரு, அதை பென்சில் ரப்பரால தேய். திரும்பச் சொருகறப்போ கிளிக்னு கேக்கணும்."

பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் தூசி முகத்தில் அடித்தது. கார்டின் விசிறி தெரியவே இல்லை. மாவுக்குள் புரட்டியெடுத்ததுபோல் வெள்ளைத் தூசி.

"ஐயோ, இவ்வளவு தூசி!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

மெல்லும் சத்தம் நின்றது. "ஏன் யாகோ, வீட்டுக்குள்ள தோண்டுறியா?"

"பெருக்கினேன்."

"பெருக்கினியா! இந்த ஊர்ல எவன் வீட்டுல புது அறை எடுத்தாலும் ஓபல் கிடைச்சிருக்குன்னு அர்த்தம். யார்கிட்ட கதை விடுற?"

சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான்? சாகப்போகிற கார்டை வேண்டுமென்றே கொடுத்தானோ? அவள் நழுவவிட்டால் வியாபாரி அடுத்து மனோலிஸின் கதவைத்தானே தட்டுவான்? கார்டின் பற்களை ரப்பரால் அழுத்தித் தேய்த்தாள்.

தோண்டியது உண்மைதான். ஊருக்குள் சுரங்கம் தோண்டக் கூடாது என்பது சட்டம், அறை எடுக்கலாம். அவள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பின்னால் எடுத்த அறையில்தான் இந்தக் கல் கிடைத்தது. பாறையில் ஓபல் நிறம் ஓடிய கோட்டைப் பிடித்துக்கொண்டே போனபோது கடப்பாரை சட்டென்று வெறுமைக்குள் இறங்கியது. தலை நுழையுமளவு ஓட்டை. அந்தப் பக்கம் யாருடையதோ பழைய சுரங்கம். உள்ளேயிருந்து ஒரு செருமல்.

ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே பிராங்கோதான். "உள்ளே ஆள் இருக்கா?" என்று கூப்பிட வேண்டும். இருந்தால், "ஆள் இருக்கு, அடைக்காதே!" என்று பதில் வரும். குடிகாரன்கூட மறக்காத வழக்கம்.

அவள் கூப்பிடவில்லை. ஊரில் 'எலிகள்' உண்டு. அடுத்தவன் கண்ட கோட்டைப் பின்பக்கமாக வந்து சுரண்டிக்கொண்டு போகும் திருடர்கள். குரல் கொடுத்தால் கோடு எங்கே இருக்கிறதென்று தானே காட்டிக் கொடுத்ததாகிவிடும். கல்லையும் மண்ணையும் தள்ளி, சீக்கிரம் இறுகும் சிமெண்டைக் குழைத்துப் பூசினாள். அடைத்து முடித்த பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. நீளமாய் ஒரு சுரண்டல். குட்டையாய் இரண்டு தட்டல். அவள் வானொலியைச் சத்தமாக வைத்தாள். சாம்பல் நிறக் கம்பளி ஒன்றை அந்தச் சுவரில் தொங்கவிட்டாள். மறுநாள் சத்தம் இல்லை. எலி வந்த வழியே போய்விட்டது என்று தூங்கினாள்.

கிளிக். கார்டு உட்கார்ந்தது. கணினி கத்தாமல் எழுந்தது. படம் வந்தது. கல் ஜொலித்தது.

திட்டு அங்கேயேதான் இருந்தது. கொஞ்சம் பெரிதாகி.

"போகல மனோலி."

"ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு."

அனுப்பினாள். கம்பளி ஆடுவதுபோல் ஒரு நினைப்பு. திரும்பிப் பார்த்தாள். ஆடவில்லை. நேராகத் தொங்கியது. கீழே தரையில் மட்டும் கொஞ்சம் வெள்ளைத் தூசி. காலையில் பெருக்கியிருந்தாளே?

"சுத்தமா இருக்கே," என்றான் மனோலிஸ். "கல்லு, கறுப்பு, அவ்வளவுதான். திட்டெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாத. என் கண்ணு முன்னால தெரியுது."

"கார்டு கெட்டிருந்தா ஸ்கிரீன்ஷாட்லயும் விழும். இதுல இல்லைன்னா கார்டு மேல தப்பில்ல."

"உன் கார்டை நீ விட்டுக்கொடுப்பியா?"

"சரி தாயே, கழட்டியே வச்சிடு. மதர்போர்டுலயே ஒரு வாய் இருக்கு, கேபிளை அதுல மாட்டு." அவள் தரையில் மண்டியிட்டுத் துழாவும்போது அவன் குரல் இறங்கியது. "கேக்க மறந்துட்டேன். நம்ம டாரிலைப் பாத்தியா? போன வாரத்துலேர்ந்து ஆளைக் காணோம். அவனோட பழைய குழி வாசல்ல வண்டி மட்டும் நிக்குது. வண்டிக்குள்ள அவன் திங்கிற புதினா மிட்டாய் பொட்டலம் பிரிச்சபடியே கிடக்கு. ஏணி வரைக்கும் போய்ப் பாத்துட்டோம். நடுவுல மண்ணு சரிஞ்சு வழி மூடியிருக்கு. அந்தப் பக்கம் மாட்டியிருந்தா, வேற ஏதாவது ஓட்டை வழியாத்தான் வெளிய வரணும்."

அவள் கேபிளைத் துளையில் அழுத்தினாள். ஓட்டையைப் பற்றிச் சொன்னால் சட்டம் வரும். கல் போகும். ஜன்னல் போகும்.

"யாகோ? இருக்கியா?"

"மாட்டிட்டேன்."

கார்டு மேசைமேல் கிடந்தது. அது இல்லாமலே படம் வந்தது.

திட்டும் வந்தது.

இப்போது அதற்குத் தோள்கள் இருந்தன.

"திரையை போன்ல படம் எடுத்து அனுப்பு," என்றான் மனோலிஸ். எடுத்தாள். அனுப்பினாள். தான் எடுத்ததைத் தானே பார்க்கவில்லை.

அவன் மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில்.

"யாகோ. உன் முதுகுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"சுவர்."

"சுவர்ல?"

"கம்பளி."

"கம்பளி தரையில கிடக்கே. சுவர்ல புதுசா பூசின சிமெண்ட் தெரியுது."

அவள் திரும்பவில்லை. கழுத்து மறுத்தது.

"கிண்டல் பண்ணாத மனோலி. கார்டு கொடுத்தவன் நீ. நீதான் ஏதோ..."

"பிளக்கைப் பிடுங்கு. இப்பவே."

பிடுங்கினாள். கணினி அடங்கியது. விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. திரை செத்தது. மேசை விளக்கு மட்டும் கல்மேல்.

திரை இப்போது வெறும் கறுப்புக் கண்ணாடி. அதில் ஓபலின் நெருப்பு.

அதற்கு மேலே, அது.

போகவில்லை. தெளிந்திருந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசி. கண் இருக்க வேண்டிய இடத்திலும் தூசி. தூக்கிய ஒரு கை. நகங்கள் இல்லாத விரல்கள். அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில்.

ஈரச் சிமெண்டின் வாசனை. அதற்கடியில், புதினா.

"பிடுங்கியும் போகலன்னா கார்டு மேலயும் தப்பில்ல, திரை மேலயும் தப்பில்ல." மனோலிஸின் குரல் உடைந்தது. "ஓட்டையை அடைக்கிறதுக்கு முன்னால குரல் கொடுத்தியா, யாகோ? கொடுத்தியா?"

உதடு ஒட்டிக்கொண்டது. பிரித்தாள். போன வாரம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டாள்.

"உள்ளே... ஆள் இருக்கா?"

காதோரம் தூசி உதிர்ந்தது. பொலபொலவென்று. பிறகு மேசை விளிம்பில் ஒரு சுரண்டல், நீளமாய். இரண்டு தட்டல்.

"ஆள் இருக்கு... அடைக்காதே."