மூன்றாம் பீப்பாயில் சிவந்த தண்ணீர்

1958 சனவரி 17, வெள்ளிக்கிழமை. காலை 5.40.

தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடான பத்தாம் நம்பர் லயத்தின் ஏழாவது காம்பராவில் அம்மாக்கண்ணு செத்துக் கிடந்தாள். வயது முப்பத்தொன்று. இரண்டு நாள் வாந்திபேதி. அழுகுரல் கேட்டு ஓடிவந்த யாரோ, முகம் கழுவ வாசலில் நின்ற மூன்றாம் பீப்பாயின் மூடியைத் திறந்தார்கள். உள்ளே தண்ணீர் சிவப்பாக இருந்தது.

6.30க்குள் குற்றவாளியையும் பிடித்துவிட்டார்கள். ஒரு மாதமாக நல்ல தண்ணீர் தர முடியாத தோட்ட நிர்வாகத்துக்கு, குற்றவாளியைப் பிடிக்க ஐம்பது நிமிடம் போதுமாக இருந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இந்தத் தோட்டத்தில் இளைத்தவள் ராக்காயி. பீப்பாயிலிருந்து வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறைவைத்து ஊற்றுவது அவள் வேலை. மூன்று நாளைக்கு முன் மூன்றாவது குடம் கேட்ட அம்மாக்கண்ணுவோடு அவள் சண்டை போட்டதை லயமே பார்த்திருந்தது.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மார்கழி மழைக்கு மலை சரிந்து, ஊற்றிலிருந்து லயங்களுக்கு வந்த குழாய் உடைந்துபோயிருந்தது. குழாய் போடும்வரை தற்காலிக ஏற்பாடு. ஆற்றில் இறைத்த தண்ணீரை லொறியில் கொண்டுவந்து லயத்துக்கு மூன்று பீப்பாய் ஊற்றுவார்கள். கிருமி சாக ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். மேல் லயங்களின் கக்கூஸ் கழிவு விழும் ஆறு அது. அந்த ஒரு கரண்டிதான் முந்நூறு உயிருக்கும் காவல்.

8.15. தோட்டத்து ஆபீஸ்.

விசாரித்தவர் கினிகத்தேனைக்காரரான சிங்களப் போலீஸ் சார்ஜன்ட். கடைவீதியில் பழகிய தமிழ் நன்றாகவே பேசினார். பக்கத்தில் பெரிய கிளாக்கர் சுப்பிரமணியம், மடிப்புக் கலையாத கோட்டுடன். செத்தவளுக்கு மருந்து கொடுத்தவள் என்பதால் தோட்டத்து மருத்துவிச்சி தனலெட்சுமியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“பீப்பாயில என்ன போட்ட?”

“மஞ்சளுங்க,” என்றாள் ராக்காயி.

“எப்ப?”

“இன்னிக்கு விடியக்காத்தால. ஆத்தா கோவம் தணியட்டும்னு. பொங்கலுக்கு வாங்குன மஞ்சளுங்க, வேற ஒண்ணுமில்லீங்க.”

“மஞ்சள் போட்டா தண்ணி மஞ்சளாத்தானே இருக்கணும்? இது சிவப்பு.”

பீப்பாயில் யாரும் எதையும் போடக்கூடாது என்று தான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலேயே உத்தரவு போட்டிருந்ததாகவும், இவள் பல நாளாகவே விஷம் கலந்திருக்கிறாள் என்றும் கிளாக்கர் சொன்னார். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பத்துச்சீட்டு எழுதியாகிவிட்டது. அதாவது வேலையும் போயிற்று, காம்பராவும் போயிற்று. பன்னிரண்டு மணிக்கு ஜீப் கிளம்பும்போது அவள் சிறைக்குப் போவாள்.

தனலெட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பது நாளில் இருபத்து மூன்று பேருக்கு வாந்திபேதி. தண்ணீரைப் பாருங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். இரண்டு காகிதமும் கிளாக்கரின் மேசையிலேயே தூங்கின. இப்போது, தண்ணீர் சிவந்தது இன்றைக்குத்தான், நோய் வந்து ஒன்பது நாளாயிற்று என்று சார்ஜன்டிடம் சொன்னாள். அவர் யோசித்தார். பன்னிரண்டு மணிவரை அவகாசம் கொடுத்தார்.

9.30. லொறி ஓட்டும் வீரய்யாவைத் தேடிப் போனாள்.

“தெனமும் பவுடர் போட்டீங்களா?”

“சத்தியமா போட்டேங்க. கிளாக்கரையாதான் இஸ்டோரைத் தொறந்து டின்னுல அளந்து தருவாரு.”

“போடுறப்ப எப்படி இருக்கும்?”

“மொத ரெண்டு வாரம் கண்ணு எரியும், நாத்தம் மூக்கத் தொளைக்கும். இப்ப பழகிப்போச்சுங்க.”

லயத்துப் பெண்களும் அதையேதான் சொன்னார்கள். முதலில் தேத்தண்ணி வாயில் வைக்க முடியாமல் நாறியது. பிறகு சரியாகிவிட்டது.

10.15. ஸ்டோர்.

சாவி கிளாக்கரிடம் மட்டுமே இருந்தது. சார்ஜன்ட் முன்னால் அவரே பூட்டைத் திறந்தார். பிளீச்சிங் பவுடர் டிரம்மில் முக்கால் பாகம் வெள்ளைப் பொடி. குறை சொல்ல எதுவும் இல்லை. மூலையில் சுண்ணாம்பு ஒட்டிய வெறும் சாக்குகள் நான்கு கிடந்தன. பொங்கலுக்கு லயங்களுக்கு வெள்ளையடிக்க வந்தது என்றார் கிளாக்கர். தனலெட்சுமி கதவோரம் நின்று பள்ளத்தில் தெரிந்த லயங்களைப் பார்த்தாள். சுவரெல்லாம் போன வருஷத்துக் கரியும் பாசியும். டிரம்மிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

10.50. பிள்ளைப்பேறு அறை.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் வேலை செய்யும் பூரணி களிம்பு கேட்டு வந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் வெடித்திருந்தன. அவளுடைய சிவப்புச் சேலையின் கீழ்ப்பக்கம் முழுக்க வெள்ளைத் திட்டுகள். பங்களா நீச்சல் குளத்தைக் கழுவித் தண்ணீர் நிரப்பியதாகச் சொன்னாள். நாளைக்குக் கொழும்பிலிருந்து விருந்தாளிகள் குளிக்க வருகிறார்களாம்.

தனலெட்சுமி களிம்பைத் தடவினாள். பிறகு அந்தத் திட்டுகளை மறுபடியும் பார்த்தாள்.

11.30. பெரட்டுக்களம்.

துரையும் வந்திருந்தார். லயத்துச் சனம் முழுக்க நின்றது. தனலெட்சுமி மேசைமேல் மூன்று கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் வைத்தாள். முதலாவதில் வெற்றிலைச் சுண்ணாம்பு. இரண்டாவதில் டிரம்மில் எடுத்த பொடி. மூன்றாவதற்கு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலைத் திறந்தாள். டிரம் வந்த முதல் நாளே பிள்ளைப்பேறு அறைக்கென்று அவள் வாங்கி வைத்த பவுடர் அது. மூடியைத் திறந்ததும் முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

மூன்றிலும் மஞ்சள் தூவிக் கலக்கினாள். மூன்றும் சிவந்தன. கிளாக்கர் சிரித்தார்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் தனலெட்சுமி.

மூன்றாவது தம்ளர் வெளுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் போய் வெறும் தண்ணீரானது. மற்ற இரண்டும் சிவப்பாகவே நின்றன.

“ஒவ்வொரு பிள்ளை பொறந்தப்பவும் நான் ஆலாத்தி கரைச்சிருக்கேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும். நெசமான பவுடரா இருந்தா அந்த நெறத்தைத் தின்னுரும். பூரணி சேலையைத் தின்ன மாதிரி. ராக்காயி மஞ்சள்தான் போட்டா. தண்ணி செவந்தது, செவந்தபடியே நின்னது. ஏன்னா பீப்பாயில இருந்தது வெறும் சுண்ணாம்பு. வீரய்யாவுக்கு நாத்தம் பழகல, நாத்தமே இல்ல. வெள்ளையடிக்க வந்த சுண்ணாம்பு சுவத்துக்குப் போகல, டிரம்முக்குப் போச்சு. டிரம்முல இருந்தது குளத்துக்குப் போச்சு. சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு. சார்ஜன்ட் ஐயா, அம்மாக்கண்ணைக் கொன்னது கிளாக்கர் சுப்பிரமணியம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், டிரம்மின் மட்டம் குறையாமலிருக்கத்தான் சுண்ணாம்பை நிரப்பினார். பீப்பாயில் யாரும் கைவைக்கக் கூடாதென்று உத்தரவும் போட்டார். வாந்திபேதி வந்தால் பெண்கள் மஞ்சளைத்தான் தேடுவார்கள் என்பது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை. அவர் வீட்டில் ஆரத்தி கரைத்தது எப்போதும் வேறு யாரோ.

“குளத்துல பாசி புடிச்சிருந்துச்சு,” என்றார் சுப்பிரமணியம். “சனிக்கெழமைக்குள்ள தண்ணி பளிச்சுன்னு இருக்கணும்னு தொரை சொன்னாரு. வேற பவுடர் வர நாளாகும். இவுங்க ஆத்துத் தண்ணி குடிச்சுப் பழகுனவங்கதானேன்னு நெனச்சேன்.”

கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்து மேசையில் விழுந்தது. சார்ஜன்ட் கிளாக்கரின் கையைப் பிடித்தார். குளத்தைச் சுத்தம் செய்யச் சொன்னது உண்மை, எதைக் கொண்டு என்று தான் கேட்கவில்லை என்றார் துரை. கேட்கவில்லை! ஒரு உயிர் போனதற்கு அவரிடமிருந்த விளக்கம் அவ்வளவுதான். ராக்காயியின் பத்துச்சீட்டு ரத்து, புதுப் பவுடர் திங்கட்கிழமை வரும் என்றும் சொன்னார். அதுவரை இந்தச் சனம் எதைக் குடிப்பது என்று தனலெட்சுமி கேட்டாள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ராக்காயி அவளருகே வந்தாள். “நர்சம்மா, அந்தக் குளத்துத் தண்ணியில மருந்து இருக்குங்களா?”

“இருக்கு.”

“குடிக்கலாங்களா?”

“கொதிக்க வச்சுக் குடிக்கலாம்.”

12.10. ராக்காயி இடுப்பில் குடத்துடன் பங்களா ரோட்டில் ஏறினாள். லயத்துக்காரர் கால் படக்கூடாத ரோடு அது. பின்னால் பத்தாம் லயம் வந்தது, பிறகு எட்டாம் லயம், பிறகு எல்லா லயமும். துரை சார்ஜன்டைப் பார்த்துக் கத்தினார். சார்ஜன்ட் கிளாக்கரை ஜீப்பில் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

நான்கு மணிக்குள் குளத்தின் தரை தெரிந்தது.

மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்துப் போன பிறகு, ராக்காயி தன் முதல் குடத்தை ஏழாவது காம்பராவுக்குத் தூக்கிப் போனாள். கொழும்பு விருந்தாளிகள் குளிக்க வைத்திருந்த தண்ணீரில் அம்மாக்கண்ணுவைக் குளிப்பாட்டினார்கள்.