கார்ல்டன் செய்த உதவி

சித்தூரில் கௌசிகாவின் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் ஆதார், பட்டா, ஹால் டிக்கெட் என்று எதையாவது நீட்டுவார்கள். அன்றைக்குக் காலை ஜெபமணி டீச்சர் நீட்டியது ஒரு மனிதனின் பிழைப்பை. பாவம், கௌசிகாவுக்கு அது எப்படித் தெரியும்? "கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தால், டீச்சரின் கண் கலங்கியிருந்தது.

"எதுவா இருந்தா என்னம்மா. டூர் கம்பெனி அனுப்பின திருட்டுப் புகார்த் தாள் இது. கையெழுத்து போட்டு சாயங்காலம் ஆறுக்குள்ள அனுப்பணுமாம். போட்டா ஒரு ஆளோட லைசென்ஸ் போயிடும். போடலைன்னா எம் பொண்ணு டெபோரா கோவிச்சுக்குவா."

கடை மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இன்பசேகரன் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். திருப்பதி ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் காணாமல்போன பெட்டிகளைத் தேடிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது ஊரில் யார் எதைத் தொலைத்தாலும் அவரிடம்தான் வருவார்கள். அவருக்கு வலது கை தான்தான் என்பது கௌசிகாவின் நினைப்பு. அவரும் இதுவரை மறுத்ததில்லை.

"உக்காருங்க டீச்சரம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் டெபோரா, போன மாதம் அம்மாவைக் கரீபியன் கடலில் கப்பல் பயணம் கூட்டிப்போயிருந்தாள். ஒரு தீவில் கப்பல் ஒரு பகல் நின்றது. ஊர் சுற்றிக் காட்ட டூர் கம்பெனி வேனோடு வந்தவன் கார்ல்டன், ஆறடி ஆள். கோகோ தோட்டம், அருவி, கடைசியில் மழையோடு மழையாக ஒரு பழைய கல் சர்ச். ராத்திரி கப்பலில் சாப்பிட உட்கார்ந்தபோது டீச்சரின் விரலில் மோதிரம் இல்லை.

"எங்க வீட்டுக்காரரோடது அண்ணா. அவர் போய் மூணு வருஷமாச்சு. எனக்கு லூஸுதான். ஆனா அவர் விரல் அளவை மாத்த மனசு வரலை, நூல் சுத்திப் போட்டுக்கினு இருந்தேன். நூல் அழுக்கா இருக்குன்னு டெபோராதான் கப்பல்ல அவுத்துட்டா."

"கார்ல்டன் மேல எப்படிச் சந்தேகம் வந்தது?"

"டெபோரா சர்ச் கோபுரம் பாக்க மேல போயிட்டா. கீழ நானும் அவனும்தான். 'பிரேயர் முடிஞ்சதும் அந்த அம்மாவுக்கு ஒரு உதவி செய்தேன், வேறொன்றும் இல்லை'ன்னு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கான்."

கௌசிகா துள்ளினாள். "ஏடுகொண்டலவாடா, ஏழுமலையானே! என்ன உதவின்னு சொல்றானா பாருங்க சார்? அங்கதான் இருக்குது சூட்சுமம்!"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இன்பசேகரன் அதைக் கவனித்தார். டீச்சரின் போனை வாங்கி, அன்றைக்கு எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "உங்களுது சின்ன வயசுக் கண்ணு கௌசிகாம்மா. பாத்து சொல்லுங்க."

முதல் படம், சர்ச் வாசலில் வேனை விட்டு இறங்கும்போது எடுத்தது. குடை பிடித்த கையில் மோதிரம் மின்னியது. மழைக்கோட்டுக்குக் கீழே வெள்ளை ஷூ, ரோஸ் கலர் சாக்ஸ். இரண்டாவது படம் துறைமுகத்தில், டீச்சர் கையசைக்கிறார். "மோதிரம் இல்ல!" என்றாள் கௌசிகா. "சர்ச்சுக்குள்ளதான் போயிருக்கு. அவன்தான்!"

"கையை மட்டும் பாத்தா எப்படி? காலையும் பாருங்க."

கௌசிகா படத்தைப் பெரிதாக்கினாள். ஷூ இருந்தது. சாக்ஸ் இல்லை. லேஸ் அழகாக இரட்டைப் பூ முடிச்சுப் போட்டிருந்தது.

"டீச்சரம்மா, நீங்க ஷூவைக் கழட்டிட்டுத்தானே சர்ச்சுக்குள்ள போனீங்க?"

"பின்ன? ஆண்டவர் வீட்டுக்குள்ள செருப்போடவா போவாங்க?" என்று டீச்சர் சட்டென்று கேட்டார். அந்தத் தீவில் எல்லாரும் ஷூவோடுதான் போவார்கள். சித்தூர் சபையில் பிறந்து வளர்ந்தவருக்கு மட்டும் வாசலில் கால் தானாக நின்றுவிட்டது.

"ஷூவோட நனைஞ்ச சாக்ஸையும் உரிச்சிருக்கீங்க. சரி. இந்த விரலால லேஸ் கட்ட முடியுமா உங்களால?"

டீச்சர் வாதத்தில் வளைந்த விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "காலையில டெபோராதான் கட்டிவிட்டா. சர்ச்சுல... அவன் மண்டி போட்டு உக்காந்து, என் காலைத் துடைச்சு, ஷூ மாட்டிவிட்டான் அண்ணா. யாரோ ஒரு ஆம்பளை என் காலைத் தொட்டான்னு பொண்ணுகிட்ட எப்படிச் சொல்வேன்? வெக்கமா இருந்துது. சொல்லலை."

"அவனும் சொல்லலை" என்றார் இன்பசேகரன். "உங்களுக்கு வெக்கமா இருக்கும்னு தெரிஞ்சுதான், வெறும் 'உதவி'ன்னு எழுதியிருக்கான். வேலையே போகுதுன்னாலும் அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதலை."

கௌசிகா வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நேரம் 'அவன்தான்' என்று கத்திய வாய் அது.

"அப்ப மோதிரம் சார்?"

"நூல் இல்லாத லூஸ் மோதிரம். மழையில நனைஞ்ச கை. சாக்ஸுக்குள்ள விரலை விட்டு இழுத்து உரிக்கும்போது மோதிரம் எங்க தங்கும்? ரெண்டாவது படத்துல மழைக்கோட்டுப் பாக்கெட்டைப் பாருங்க, புடைச்சிருக்கு. நீலமா பிளாஸ்டிக் கவர் எட்டிப் பாக்குது. முதல் படத்துல அது இல்ல. காலைத் துடைச்சவன் ஈர சாக்ஸைத் தூக்கியா போடுவான்? கவர்ல சுத்தி உங்க பாக்கெட்லயே வெச்சிருக்கான். அந்த மழைக்கோட்டு எங்க டீச்சரம்மா?"

"வந்ததும் பெட்டியோட பரண்ல போட்டேன். சாக்ஸ் சர்ச்சுலயே போச்சுன்னு நெனச்சேன்."

கௌசிகா கடையைக் கூடச் சாத்தவில்லை. டீச்சரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, மழைக்கோட்டை உதறி, நீலக் கவரைப் பிரித்தபோது வந்த நாற்றத்துக்கு இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பாந்தமாகச் சுருட்டி வைத்த ரோஸ் சாக்ஸ். கௌசிகா உதறினாள். மோதிரம் தரையில் விழுந்து, உருண்டு, டீச்சரின் காலடியில் போய் நின்றது.

டீச்சர் அதை எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழுதார். கிடைத்ததற்கு மட்டும் அழவில்லை. "என் பாதத்தைத் துடைச்ச கையைத் திருட்டுக் கைன்னுட்டேனே, ஆண்டவரே!"

கடைக்குத் திரும்பியதும் கையெழுத்துப் போடாத தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "எழுதும்மா. ஷூ மாட்டிவிட்டதையும் எழுது. கம்பெனிக்கும் போகணும், அவனுக்கும் போகணும், டெபோராவுக்கும் போகணும். எனக்கு இனிமே வெக்கம் இல்ல. மன்னிச்சிடு மகனேன்னு முடிச்சுடு." கௌசிகா தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி எழுதினாள். 'மகனே' என்ற இடத்தில் இன்பசேகரன் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

ஆறு மணிக்கு முன்பே கம்பெனியிலிருந்து பதில் வந்தது: புகார் முடிந்தது, நாளை முதல் கார்ல்டன் வேலைக்கு வரலாம். அதன் பின்னாலேயே கார்ல்டனிடமிருந்து ஒரு வரி. கௌசிகா தமிழில் சொன்னாள்.

"'மோதிரம் கிடைச்சது சந்தோஷம். அம்மா, அந்த சாக்ஸ் காஞ்சிடுச்சா?'ன்னு கேக்கறான் டீச்சரம்மா."

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். "துவைச்சு கொடியில போட்டிருக்கேன், காஞ்சிக்கினு இருக்குன்னு எழுது" என்றார்.