ரதிக்குக் கட்டிய தாலி

“இன்னைக்காவது வாயத் தொறங்கம்மா! அப்பாகிட்ட, வர்றவங்ககிட்ட, எல்லாருகிட்டயும் சொல்லுங்க. மதுராவும் நானும் ஒரு குடும்பம்னு நீங்க சொல்லணும்!”

நாகலெட்சுமி ரொட்டி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. இந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது என்று போன தீபாவளியன்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தன் தலையில் கைவைக்கச் சொல்லி வாங்கிய சத்தியம். அது மாசி வரைக்கும்தான் தாங்கியது.

“மெதுவா பேசு புள்ள... பக்கத்துல சண்முகவடிவு இருக்கா.”

“கேக்கட்டும்.”

தேயிலைத் தோட்டத்து லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய அறைகள்; நடுச்சுவர்கள் கூரை வரை போவதில்லை. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து மருந்து சொல்வார்கள்.

“பத்து மணிக்கு நல்லதண்ணித் தோட்டத்துலருந்து மாப்ள வீட்டு வேன் வந்துரும். நல்ல நாளும் அதுவுமா...”

“யாருக்கு நல்ல நாள்?”

லோஜினி அந்தத் தோட்டத்தின் முதல் பட்டதாரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஹட்டனில் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கிறாள். அவளைப் படிக்கவைத்த கதையைப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தொழிற்சங்க மேடைகளில் தகப்பன் வீரய்யா பலமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். மழையில் கொழுந்து பறித்து, அட்டைக்கடியோடு வந்து, வீட்டில் இருந்த ஒரே விளக்கை மகளின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இருட்டில் சமைத்தவள் அந்தக் கதையில் வருவதில்லை.

மதுரா யாழ்ப்பாணத்துப் பெண். அதே பாடசாலையில் கணக்கு டீச்சர். இருவரும் ஹட்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று வருடமாக ஒன்றாக வாழ்கிறார்கள். ஊருக்கு அது சிநேகிதம். தாயிடம் மட்டும் லோஜினி உண்மையைச் சொல்லியிருந்தாள்.

சொல்வதற்கு முன்பே தாய்க்குத் தெரியும். கர்ப்பப்பை எடுக்க நாகலெட்சுமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லோஜினிக்குப் பரீட்சைக் கடமை. மதுராதான் வந்தாள். “அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் நிக்கிறன்” என்றாள். நின்றாள். மூத்திரச் சட்டி எடுத்தாள். சீலை துவைத்தாள். சிக்குப் பிடித்த தலையை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பிரித்துப் பின்னிவிட்டாள். சிநேகிதியின் தாய்க்கு யாரும் இவ்வளவு செய்வதில்லை என்று நாகலெட்சுமிக்கு அப்போதே பட்டது. பட்டதை விழுங்கிக்கொண்டாள். விழுங்குவது அவளுக்குப் பழக்கம்.

“நீங்களும் அப்பாவும் ஒண்ணுதாம்மா! அவரு மாப்ள தேடுறாரு. நீங்க வர்றவங்களுக்கு ரொட்டி சுடுறீங்க. எம் பக்கம் நிக்க இந்த வீட்ல ஒரு ஆளும் இல்ல...”

நாகலெட்சுமி கண்ணைத் துடைத்தாள். அடுப்பு புகைகிறது என்றாள். அடுப்பு புகையவில்லை.

வீரய்யா உள்ளே வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. மாசியில் காமன் கம்பம் ஊன்றிவிட்டால் கூத்துக்கு மாஸ்டர் அவர்தான். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் முந்தாநாள்தான் முடிந்திருந்தது. தோட்டத்து இளைஞன் ஒருவன் காமன், இன்னொருவன் ரதி. கூத்தில் சிவன் காமனை எரிக்கும் நாள் வரை இரண்டு பேரும் சாமி. லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள், வீட்டுக்கு வீடு பெண்கள் அவர்களுக்கு ஆலாத்தி எடுப்பார்கள். கீழ் லயத்தில் தப்புமேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“என்னா சத்தம்? தப்ப மீறிக்கிட்டுக் கேக்குது!”

“அப்பா, அந்த வேனைத் திருப்பி அனுப்புங்க. நான் மதுராவோட வாழ்றேன். இனியும் அப்பிடித்தான்.”

வீரய்யா சிரித்தார். “அதுக்கென்னா? கல்யாணத்துக்கப்புறமும் அந்த டீச்சர் புள்ள வந்து போகட்டும். பிரதாப் தங்கமான பையன், ஒண்ணுஞ் சொல்ல மாட்டான்.”

“வந்து போறதில்லப்பா. நீங்களும் அம்மாவும் எப்பிடியோ, நாங்களும் அப்பிடி.”

வீரய்யா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

“பட்டணத்துக்குப் படிக்க அனுப்புனா... இதத்தான் படிச்சியா? முப்பது வருசமா இந்தத் தோட்டத்துக்கு நாந்தான்டி தலைவர்! புருசன் பொஞ்சாதி சண்டையெல்லாம் இந்த வாசல் இஸ்தோப்புல ஒக்காந்துதான் தீத்து வக்கிறேன். எனக்கா சட்டம் தெரியாது? பொம்பளையும் பொம்பளையும் குடும்பம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

“எதுலயும் இல்ல. தண்டனைதான் இருக்கு. முன்னாடி ஆம்பளைகளுக்கு மட்டும் இருந்துச்சு. தொண்ணூத்தஞ்சுல திருத்துறோம்னு சொல்லி எங்களயும் சேத்துட்டாங்க. பொம்பளைக்குச் சமத்துவம் குடுக்கறதுல அது ஒண்ணுலதான் அவசரப்பட்டிருக்காங்க.”

“அப்ப குத்தம்னு நீயே ஒத்துக்கிற!”

“சட்டம் குத்தங்குது. நான் சொல்லல. நாப்பத்தெட்டுல ஒரு சட்டம் வந்து ஒங்களுக்கு நாடே இல்லேன்னுச்சு. அம்பது வயசு தாண்டித்தான் ஒங்களுக்குப் பிரஜாவுரிமை கெடச்சுச்சு. அதுவரைக்கும் நீங்க ஆளே இல்லயா? நீங்க மலையில வெட்டுன தண்ணிக் கான் கானே இல்லயா? நம்மளப் பாக்கத் தெரியாத சட்டத்துக்குக் கண்ணு குருடுன்னு மேடையில கத்துனது யாருப்பா? நான் முன்னால ஒக்காந்து கைதட்டுனேன்!”

“அது ஒரு சனத்தோட உரிமை! லெச்சக்கணக்குல ஆளுங்க! இது... ஒன்னோட ஆசை.”

“எத்தன பேரு சேந்தா உரிமை ஆகும்? சொல்லுங்க. ஆள் சேத்துக்கிட்டு வர்றேன்.”

வாதத்தில் மடங்கினால் வீரய்யா மனைவியின் பக்கம் திரும்புவார்.

“எல்லாம் இவளால! ரெண்டு நல்ல எடம் வந்துச்சு. ரெண்டையும் கெடுத்தவ நீதான! பொண்ணுக்குச் செவ்வாதோசம்னு நீயே போயி அவங்ககிட்டப் பொய் சொல்லிட்டு வந்தியே... ஏன்டின்னு கேட்டதுக்கு வாயத் தொறந்தியா? பொங்கலுக்கு அறஞ்சேனே, அப்பவாவது தொறந்தியா?”

லோஜினி தாயைப் பார்த்தாள். பொங்கலுக்கு வந்தபோது தாயின் கன்னம் நீலம் பாரித்திருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசுக் கொக்கி பட்டுவிட்டது என்று சொன்னதை அவள் நம்பியிருந்தாள். பட்டதாரி. வரலாறு படித்தவள். நம்பியிருந்தாள்.

“அம்மா... நீங்களா? ரெண்டு தடவையும் நீங்களா?”

“ரொட்டி கருகுது, திருப்பிப் போடு” என்றாள் நாகலெட்சுமி.

வீரய்யா எழுந்தார். “இந்த எடத்த எவளும் கெடுக்க முடியாது. நான் வாக்குக் குடுத்துட்டேன். அதுக்கும் மேல அடம் புடிச்சா, பொலிசுல ஒரு வார்த்த போதும்! யாழ்ப்பாணத்துக்காரி. வடக்குல சண்ட நடக்குற நேரத்துல ஹட்டன்ல வீடெடுத்து இருக்கா. எதுக்கு என்னான்னு கேட்டுக்கிட்டா இருப்பாங்க? அப்பிடியும் விட்டாங்கன்னா, இருக்கவே இருக்கு நீ சொன்ன சட்டம். ரெண்டுல ஒண்ணுல உள்ள போவா!”

“சொல்லுவீங்களாப்பா? உண்மையாவே சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்!”

நாகலெட்சுமியின் தம்பி அழகனையும் இப்படித்தான் ஒருநாள் சந்தேகத்தில் பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு வார்த்தை சொன்னது போதுமானதாக இருந்தது. வீரய்யாதான் வாசல் வாசலாக நின்று, கையெழுத்து வாங்கி, அவனை வெளியே கொண்டுவந்தார். கொண்டுவந்தபோது அவனுடைய இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. இன்றுவரை எழவில்லை. சட்டை போட அவன் பெண்டாட்டிதான் உதவி செய்கிறாள்.

நாகலெட்சுமி மாவு காய்ந்த கையைக் கழுவினாள். உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தகப்பனும் மகளும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் சட்டத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதைச் சுவரோரம் வைத்தாள்.

“ஏங்க... அழகன் கைய மறந்துட்டீங்களா?”

“அவன் கேசு வேற!”

“வேற இல்லீங்க. அன்னைக்கும் எவனோ வீட்ல ஒக்காந்துதான் ஒரு வார்த்த சொல்ல முடிவு பண்ணியிருப்பான்.”

வீரய்யா மனைவியின் முகத்தைப் பார்த்தார். இந்தக் குரலை அவர் இதற்கு முன் கேட்டதில்லை.

“நான் பள்ளிக்கொடம் போகாதவ. சட்டம் தெரியாது. ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. நம்ம கல்யாணமாகி வந்த மொத மாசி. நீங்க ரதி வேசம் கட்டுனீங்க, சிவசாமி அண்ணன் காமன். தோட்டமே பாக்க ஒங்க கழுத்துல அவரு தாலி கட்டுனாரு. நான் புதுப்பொண்ணு. எம் புருசன் கழுத்துல இன்னொருத்தரு தாலி கட்டுறத நின்னு பாத்து, நாந்தான் குலவ போட்டேன். அந்தத் தாலியோட வீட்டுக்கு வந்தீங்க. கால்ல தண்ணி ஊத்தி ஆலாத்தி எடுத்தேன். காமன எரிச்ச அன்னைக்கி நீங்க மாருல அடிச்சுக்கிட்டு அழுதீங்க. ஒங்களோட சேந்து மலையில வேல வாங்குற கண்டாக்கு ஐயா கூட அழுதாரு. ஆம்பளைக்கு ஆம்பள தாலியான்னு ஒருத்தன் கேட்டானா?”

“அது சாமி காரியம்டி! வேசம்!”

“வேசத்துக்கு ஊரே கையெடுத்துக் கும்புடுது. நெசத்துக்குப் பொலிசா?”

கீழே தப்பு நின்றது. அடுத்த லயத்துக்கு நடக்கிறார்கள் போலிருக்கிறது.

“வெளிய போ! ரெண்டு பேரும் வெளிய போங்க! எங் காம்பராவுல இனி ஒருத்தியும் இருக்கக் கூடாது!”

“ஒங்க காம்பராவா...” நாகலெட்சுமியின் குரல் உயரவில்லை. “நீங்க வேலையிலருந்து நின்னு மூணு வருசமாச்சு. எம் பேரு இன்னும் வேலையாளுங்க செக்ரோல்ல இருக்கறதாலதான் தோட்டம் இத விட்டு வச்சிருக்கு. ஒங்கள வெளிய போகச் சொல்ல எனக்குத்தான் வழி இருக்கு. சொல்ல மாட்டேன். நீங்க இருங்க. நான் போறேன்.”

“எங்க போற?”

“மொதல்ல வேனுக்கு. வளைவுலயே நிறுத்தித் திருப்பி அனுப்பணும். பாவம், அந்தப் பையன வீடு வரைக்கும் வர வச்சு அசிங்கப்படுத்தக் கூடாது. பெறகு ஹட்டனுக்கு. நீங்க பொலிசுக்குப் போனீங்கன்னா, அவங்க வந்து கதவத் தட்டுறப்ப மதுராவுக்கு யாரு நீன்னு கேப்பாங்கல்ல? மாமியார்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.”

லோஜினி அழுதாள். எல்லாருக்கும் பதில் வைத்திருக்கிற பெண், தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய் குழறி அழுதாள். “ஒங்களப் போயி... ஒங்களப் போயி நான் அப்பிடிச் சொல்லிட்டேனேம்மா...”

“ஆமா, சொன்ன. விடு.” நாகலெட்சுமி முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். தன் கண்ணையும் அதே முனையால் துடைத்துக்கொண்டாள். “மூக்கச் சிந்து. பையத் தூக்கு.”

வீரய்யா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் என்ற முகம் இறங்கியிருந்தது. “லெட்சுமி... நான் வெளிய தலகாட்ட வேணாமா? யாராச்சும் கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்?”

“பொய் சொல்லாதீங்க. நான் சொல்லிப் பாத்துட்டேன், கன்னத்துல அறதான் கெடைக்கிது.” செருப்பை மாட்டினாள். “நாளைக்குக் காலையில வேலப் பெரட்டுக்கு வரலேன்னு கங்காணிகிட்டச் சொல்லிடுங்க. அடுப்புல ரொட்டி இருக்கு.”

இஸ்தோப்பில் சண்முகவடிவு நின்றுகொண்டிருந்தாள். கையில் விளக்குமாறு. கூட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

“எங்கக்கா கெளம்பிட்டீங்க? மாப்ள வீட்டுக்காரங்க வர்ற நேரமாச்சே!”

“அவங்கள வர வேணாம்னு சொல்லத்தான் போறேன்.”

“ஐயோ! ஏங்க்கா?”

“எம் மகளுக்கு ஆள் இருக்கு.”

“யாருக்கா? நம்மாளா?”

பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை நகர்த்தாமல் நின்றார்கள். நாகலெட்சுமி அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். கொழுந்து மலையில் ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குக் கூப்பிடுகிற குரல் அது.

“மதுரா. ஹட்டன்ல இருக்குற டீச்சர் புள்ள. எனக்கு ஆஸ்பத்திரியில பாத்தவ. அவளும் இவளும் ஒரு குடும்பம்.”

ஒரு குடம் நிறைந்து வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. சண்முகவடிவு எதையோ கேட்க வாயைத் திறந்து, வாயை மூடி, விளக்குமாற்றை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள்.

இருவரும் படி இறங்கித் தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் நடந்தார்கள்.

“அந்தச் சட்டம் எப்ப மாறும் புள்ள?”

“தெரியலம்மா. மாறாமலும் போகலாம்.”

“நமக்குப் பிரஜாவுரிமை குடுக்க நாப்பது வருசம் எடுத்தாங்க.”

“அவ்வளவு காலம் யாரும்மா இருப்பா?”

“நீங்க ரெண்டு பேரும் இருந்துக்கங்க” என்றாள் நாகலெட்சுமி. “நான் இருக்குற வரைக்கும் கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றேன்.”

வளைவுக்கு அந்தப் பக்கம் வேன் ஹோர்ன் அடித்தது. அவள் பாதையை விட்டு ரோட்டில் ஏறி, நடுவில் போய் நின்று, கையை உயர்த்தினாள்.