யார் கையிலும் விடமாட்டேன்

ஆட்டோ வந்து நின்றபோது மணி பதினொன்று. ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது இரண்டு பைகள், ஒரு மிக்ஸி, அப்புறம் அண்ணன் மனைவி அமலராணி.

"நாலு பக்கமும் சித்திரை வீதின்னே பேர் வெச்சிருக்கீங்க. ஆட்டோக்காரர் என்னை ஒரு பிரதட்சணமே சுத்த வெச்சுட்டார்" என்றபடி உள்ளே வந்தாள்.

"வாங்கோ மன்னி."

"ஐயோ, அது வேண்டாம் தம்பி. மன்னின்னு நீங்க கூப்பிட்டா ஏதோ மன்னிப்பு கேக்கற மாதிரியே இருக்கு. ராணின்னு பேர் சொல்லியே கூப்பிடுங்க."

"பேர் சொன்னா அண்ணா உதைப்பான்."

"உதைச்சா உங்களுக்கு வலிக்கவா போகுது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பதினேழு வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படி ஒரு ஜோக் அடித்ததில்லை.

என் பெயர் ஹ்ருஷிகேஷ். பத்தொன்பது வயதில் முக்கொம்புக் காவேரியில் ஆழம் பார்க்காமல் தலைகீழாகக் குதித்தவன். கழுத்துக்குக் கீழே அசைவும் கிடையாது, உணர்ச்சியும் கிடையாது. வாய் மட்டும் ஜோராக வேலை செய்யும். அதை வைத்துத்தான் துவாக்குடியில் படிக்கும் மாணவர்களுக்கு ஆன்லைனில் கணக்கு நடத்துகிறேன். என் வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அக்கா கோதாவும் நம்பியதில்லை.

அந்தப் பதினேழு வருஷமும் என்னைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். போன மாதம் காய்கறிக் கடை வாசலில் சுருண்டு விழுந்தாள். தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் வெங்கட்ராகவன்தான் யோசனை சொன்னான். வெளியாளுக்குக் கொடுக்கும் சம்பளத்தை அமலராணிக்கே கொடுக்கலாம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். மலைக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவள் மன்னி. காலெல்லாம் நரம்பு முடிச்சு. உடனே சரி என்றாள்.

படுத்தே கிடப்பவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். முதல் வாரம் மன்னி அரிசி மூட்டையைப் புரட்டுவது போல்தான் புரட்டினாள். என் தலை கட்டில் கம்பியில் இரண்டு தடவை மோதியது.

பத்தாம் நாள் பிற்பகல். கோயிலில் நடை சாத்தியிருந்த நேரம். தெருவே உறங்கிக் கிடந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பின்னால் காலடி கேட்டது. ஒரு கை என் கழுத்துக்கு அடியில் நுழைந்தது. சுண்டு விரல் காதுக்குப் பின்னால் மெல்லப் பதிந்தது. ஒரே மூச்சில், ஒரு குலுக்கல் இல்லாமல், நான் மல்லாந்தேன்.

தலை அசையாமல் இருக்கக் காதுக்குப் பின்னால் சுண்டு விரலைக் கொடுப்பாள் கோதா. அவள் மட்டும்தான்.

"யார் சொல்லிக் குடுத்தா மன்னி?"

"எதை?" கொட்டாவியோடு கேட்டாள். "இருங்க தம்பி, இப்பதான் முழிச்சேன். இன்னும் உங்களைத் திருப்பவே இல்லையே."

கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னாள்.

அவள் கை என் கழுத்தடியில்தான் இருந்தது.

அதன் பிறகு வாசனை வந்தது. மன்னி ஷாம்பு போடுகிறவள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் என் மேல் குனிந்தபோது ஈரக் கூந்தலிலிருந்து அக்காவின் சீயக்காய் வாசனை அடித்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பயந்து ஓடிவிடுவாள். அவள் ஓடிவிட்டால் எனக்கு யார்? இந்தச் சுயநலத்துக்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி சுவர்ப் பக்கம் படுத்திருந்தேன்.

காலடி.

"பெருமாளே, ஏளப் பண்ணலாமா?"

கோயிலில் பெருமாளைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். என்னைப் புரட்டுவதற்கு முன்னால் அக்கா அந்த வார்த்தையைத்தான் கேலியாகச் சொல்வாள். எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த கேலி. அண்ணனுக்குக்கூடத் தெரியாது. பாலக்கரை மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற அமலராணிக்கு எப்படித் தெரியும்?

குரல் மன்னியுடையதுதான்.

என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. சுவரில் இருந்த ஒரு விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ராணி!" என்று கத்தினேன்.

பின்னால் மூச்சு தடுமாறியது. "தம்பி..." என்று கிசுகிசுத்தாள். "நான் எப்ப உள்ள வந்தேன்?"

அக்கா வந்துவிட்டாள் என்பதல்ல என் பயம். சோறு ஊட்டும்போது அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "உன்னை யார் கையிலயும் விடமாட்டேண்டா. உன்னை அனுப்பிச்சுட்டுத்தான் நான் போவேன்." பிரியமாகச் சொல்வாள். நானும் தலையாட்டுவேன்.

ஆனால் அவள் முந்திக்கொண்டாள். வேலை பாதியில் நின்றுவிட்டது.

அதை முடிக்க அவளிடம் கை இல்லை. இப்போது கை கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை. நாலு மணிக்கு அண்ணன் வருகிற நாள். ஒரு மணிக்கு மன்னி ஒரு கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணமுது" என்றாள்.

பாயசம் என்றுதான் மன்னி சொல்லுவாள். கண்ணமுது என்பது அக்காவின் வார்த்தை.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். முதல் ஸ்பூன் இனிப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு. நான் ராத்திரி போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரையின் கசப்பு.

உதட்டை இறுக்கி மூடினேன்.

ஸ்பூன் உதட்டில் வந்து இடித்தது. மறுபடி இடித்தது. பல்லில் உலோகம் உரசியது. தலையைத் திருப்பினேன், சுண்டு விரல் காதுக்குப் பின்னால் வந்து தலையைத் திருப்பி வைத்தது. அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்பு இருந்தது. அவ்வளவு அன்பு.

பேர் சொல்லிக் கத்தினால் மன்னி விழித்துக்கொள்வாள். ஆனால் கத்த வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் ஸ்பூன் உள்ளே போகும்.

திறந்தேன். ஸ்பூன் உள்ளே வந்ததும் என் பலமெல்லாம் சேர்த்து அதைக் கடித்தேன். அவள் இழுத்தாள். விடவில்லை. ஈறு கிழிந்தது. பாயசமும் ரத்தமும் கன்னத்தில் வழிய, பல்லிடுக்கால் முனகினேன்.

"ராணி... ராணி... ராணி..."

ஸ்பூனைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

மன்னி கிண்ணத்தைப் பார்த்தாள். ஓடிப்போய் அடுப்படியைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் காலி மாத்திரை அட்டைகள் இரண்டு இருந்தன.

"மாதாவே... தம்பி, இதை நான் பண்ணலை. சத்தியமா பண்ணலை. ஆனா கை என் கைதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே தன் இரண்டு கைகளையும் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"ஒரே ஒரு ஸ்பூன்தான் உள்ள போச்சு. நீங்க கிளம்புங்கோ. அம்மா வீட்டுக்குப் போங்கோ. அண்ணா நாலு மணிக்கு வந்துடுவான்."

"உங்களைத் தனியா விட்டுட்டா?"

"தனியா இருந்தாத்தான் உயிரோட இருப்பேன் மன்னி."

அழுதுகொண்டே போனாள். வாசல் கதவை வெறுமனே சாத்தியிருந்தாள்.

வீடு அமைதியானது. எனக்குப் பயமே இல்லை. இந்த வீட்டில் இப்போது வேலை செய்கிற கை ஒன்றுகூட இல்லை. கூரையைப் பார்த்துச் சொன்னேன்: "அக்கா, நான் வரலை. எனக்கு இருக்கணும். நீ போ."

சீயக்காய் வாசனைகூட இல்லை. காவேரிப் பாலத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டது. கண் லேசாகச் செருகியது.

மூன்று மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

"சார், உள்ள வரலாமா?"

தலையில் முக்காடு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். "என் பேர் இர்பானா. பராமரிப்பாளர் உதவித்தொகைக்கு எழுதியிருந்தீங்கல்ல? நேர்ல பாத்து ரிப்போர்ட் எழுதணும். அமலராணி எங்க சார்?"

"அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"உங்களை இப்படித் தனியா விட்டுட்டா? இதை எழுதினா உதவித்தொகை வராதுங்க."

"எழுதிக்கோங்க மேடம். எழுதிட்டுக் கிளம்புங்க."

அவர் கிட்டே வந்தார். "வாயெல்லாம் ரத்தமா இருக்கே சார்! என்ன ஆச்சு?"

"தொடாதீங்க. ப்ளீஸ், போயிடுங்க."

"அட, கோவிச்சுக்காதீங்க. என்னைப் பெத்த அத்தாவையும் இதே மாதிரி நாந்தான் பாத்துக்கறேன். உங்களை இப்படி விட்டுட்டுப் போனா இன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது. வாய் கொப்பளிக்கத் தண்ணி எடுத்துட்டு வரேன். கிச்சன் எங்க?"

அவரே ஃபைலை வைத்துவிட்டு உள்ளே போனார்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். அவர் காலடியும் தடுமாறியது. ஒரு கதவைத் திறந்து மூடினார். இன்னொன்று. அப்புறம் காலடி நின்றது.



பிறகு அந்தக் காலடி வேகமாக, நேராக, அடுப்படிக்குப் போனது.

மன்னி கிண்ணத்தை மட்டும்தான் எடுத்துப் போனாள். அடுப்பு மேல் இருந்த பாத்திரத்தை இருவருமே மறந்துவிட்டோம்.

ஒரு மூடி திறந்தது. கரண்டி சுற்றும் சத்தம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இவ்வளவு நேரம் ஆகாது.

"மேடம்! தண்ணி வேண்டாம் மேடம்! வந்துடுங்க!"

கரண்டி நின்றது. இர்பானா மேடத்தின் குரல்தான் பதில் சொன்னது.

"செத்த இருடா. சக்கரை கூடப் போட்டுண்டிருக்கேன். இந்தத் தடவை கசக்காது."