ஸ்டூல் வச்சியா?

"ஐயோ...! யாராவது வாங்களேன்...! கொன்னுட்டாங்களே...!"

விடிந்தும் விடியாததுமாகத் தெரு அதிர்ந்தது.

அலறல் அருமையாக வந்திருந்தது. வராமல் என்ன? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு, பல நாள் ஒத்திகை பார்த்த அலறல் அல்லவா!

ஹாலில் கட்டிலை ஒட்டிப் பூட்டு சார் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் இரும்புக் கம்பி. திருடன் வந்தால் அடிக்க வேண்டும் என்று அவரே வாங்கி, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்த கம்பி.

திருடன் வரவில்லை.

கம்பி வீணாகவும் இல்லை!

கிடங்கு ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் களவு போனதிலிருந்து கிலி பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி. மதில் மேல் கண்ணாடிச் சில்லு. வாசலுக்கு இரும்புக் கிராதி. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அதுவும் ஹாலில், காவலுக்கு. சாவிக்கொத்து இடுப்போடு தூங்கும்.

தெரு வைத்த பெயர்தான் பூட்டு சார்.

அந்தப் பூட்டுக்கு உள்ளே இருந்தவள் அவர் மனைவி. அந்தச் சாவிக்கொத்தை அவள் கையால் தொட்டதே இன்றைக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண் போலீஸோடு வந்தபோது எதிர்வீட்டு டைலர் ஹாலில் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"கதவை யார் திறந்தது?"

"அந்தம்மாதான் சார். உள்ளேருந்து சாவி போட்டுத் திறந்தாங்க."

"அப்போ முன்பக்கம் பூட்டு அப்படியே இருந்திருக்கு... வந்தவன் பின்பக்கமாத்தான் வந்திருக்கணும். யாராவது சமையல்கட்டுப் பக்கம் போனீங்களா?"

"இவரைப் பார்த்ததுக்கப்புறம் எனக்குக் காலே வரலை சார்..." என்று அவள் விசும்பினாள். விடிந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை என்பது மட்டும் உண்மைதான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரரை எனக்கு நல்லாத் தெரியும்மா. வாரம் தவறாம ஸ்டேஷனுக்கு வந்து, திருடனைப் பிடிக்கறது எப்படின்னு எங்களுக்கே கிளாஸ் எடுப்பாரு. அந்த ஸ்டூல் வித்தைகூட அவர் சொல்லிக்கொடுத்ததுதான்."

"அது என்ன சார் வித்தை?" டைலருக்கு நடுக்கத்திலும் ஆர்வம் குறையவில்லை.

"பின்கதவை ஒட்டி, உள்பக்கமா ஒரு ஸ்டூல். அது மேல நாலு எவர்சில்வர் தம்ளர், ஒண்ணு மேல ஒண்ணு. எவனாவது வெளியிலேருந்து கதவைத் தள்ளினா தடதடன்னு விழுந்து ஊரையே எழுப்பிடும்! நானும் எங்க வீட்டுல வச்சேன். நடுராத்திரி பூனை தட்டிவிட்டு, என் பொண்டாட்டி என்னை அடிக்காத குறை!"

சிரிக்க வந்த டைலர், கிடந்தவரைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"ஏம்மா, நேத்து ராத்திரி ஸ்டூல் வைக்கலையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"மறந்துட்டேன் சார்...! தினம் நான்தான் வைப்பேன். நேத்து ஒரே தலைவலி. மாத்திரையைப் போட்டுட்டு உள்ரூம்ல படுத்துட்டேன். ஒரே ஒரு நாள் சார்...! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

"அழாதீங்கம்மா. உங்க மேல தப்பில்லை," என்றார் டைலர்.

"யாரும் இங்கேருந்து நகர வேண்டாம். தடயம் அழிஞ்சுடும்," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் சுத்திக்கிட்டுப் போய், அவன் வந்த வழியை வெளியிலேருந்தே பார்க்கறேன்."

அவர் வெளியே போனார். பெண் போலீஸ் அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

அவள் முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டாள்.

அம்மா போன ராத்திரி ஞாபகம் வந்தது. 'அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, உடனே வா' என்று அண்ணன் போன் செய்தான். வண்டியும் அனுப்பினான். கிராதிக்கு வெளியே வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

"சாவியைக் கொடுங்க... எங்கம்மாங்க...!"

"இந்த நேரத்துல எவனாவது கதவைத் திறப்பானா? இதுக்குன்னே ஒருத்தன் இருட்டுல காத்துக்கிட்டு இருப்பான். விடிஞ்சதும் திறக்கறேன்."

வண்டிக்காரன் பார்த்தான், பார்த்தான், போய்விட்டான். விடிந்து அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவை உயிரோடு பார்க்கவில்லை.

அவள் வீடு திரும்பிய அன்று ராத்திரியும் படுப்பதற்கு முன்னால் அவர் கேட்டார்.

"ஸ்டூல் வச்சியா?"

அவளும் வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள்.

அந்த ராத்திரிதான் அவள் மனசுக்குள் இவர் செத்தார். மிச்சம் இருந்தது நேற்றைய வேலை மட்டும்தான்.

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பின்கதவுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து நெம்பியது போலப் பெயர்த்தாயிற்று. பீரோவைக் கலைத்தாயிற்று. நகையைச் சாக்கடையில் போட்டாயிற்று. கம்பியைத் துடைத்தாயிற்று.

எல்லாம் சரி. இனி எந்த நேரத்திலும், எந்தக் கதவும், அவள் கைக்குத் திறக்கும்!

அப்போதுதான்...

தடால்...! டங்... டங்... டணார்...!

டைலர் துள்ளிக் குதித்தார். சமையல்கட்டிலிருந்து ஒரு தம்ளர் உருண்டு உருண்டு ஹாலுக்கு வந்து, அவள் காலடியில் நின்றது.

அவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

நேற்று எல்லாவற்றையும் முடித்து, கை கழுவி, விளக்கை அணைத்த பிறகு... காதுக்குள் அந்தக் குரல். பழகிப் போன குரல். 'ஸ்டூல் வச்சியா?'

'இதோ, வைக்கறேங்க...'

புத்தி வேண்டாம் என்று முடிவு செய்திருந்ததைக் கை செய்துவிட்டிருந்தது! பெயர்த்த கதவைச் சாத்தி, ஸ்டூலை நகர்த்தி, தம்ளர்களை அடுக்கி... செய்தது தெரியாமலே போய்ப் படுத்திருக்கிறாள்.

ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு சமையல்கட்டு வழியாக இன்ஸ்பெக்டர் வந்தார்.

"ஏம்மா... வந்த திருடன் இவரைக் கொன்னுட்டு, பின்கதவு வழியா வெளியே போய்ட்டு, அப்புறம் உள்பக்கமா கதவை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, தம்ளரையும் அடுக்கிவச்சானா?"

டைலர் மெல்ல அவளை விட்டுத் தள்ளி நின்றார்.

"மறந்துட்டேன்னு சொன்னீங்களே... மறந்திருந்தாத் தப்பிச்சிருப்பீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் சந்தோஷமே இல்லை. "'பாருங்க சார், இந்த ஸ்டூல் ஒருநாள் ஆளைப் பிடிச்சுக் கொடுக்கும்'னு சொல்லிட்டே இருப்பாரு. நாங்கதான் சிரிச்சோம்."

சாயங்காலம் லாக்கப்.

பெண் போலீஸ் கம்பிக் கதவைப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறையும் இழுத்தாள்.

உள்ளே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க... இன்னும் ஒரு தடவை இழுத்துட்டு, அப்படியே ஒரு ஸ்டூலும் நாலு தம்ளரும் கொடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது!"