உள்துருத்தி

அகண்ட நாமம் ஆரம்பித்துப் பத்து மணி நேரம் ஆகியிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காக ஷ்யாமளா சுருதிப்பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். சுருதி நிற்கவில்லை.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பெட்டிக்கு இரண்டு துருத்திகள். முன்பக்கம் இருப்பதைக் கையால் விரித்து மூட வேண்டும். இன்னொன்று உள்ளே, கண்ணில் படாமல், சுருள்வில்லின் அழுத்தத்தில் இருக்கிறது. முன்துருத்தி விரியும்போது பலகைத் துளையின் மேலுள்ள தோல்நாக்கு விலகிக் காற்றை உள்ளே விடும். மூடும்போது அதே நாக்கு துளையை அடைத்துக்கொள்ளும். வந்த வழியில் காற்று திரும்ப முடியாது. உள்துருத்திக்குப் போய், அங்கே காத்திருந்து, பித்தளை நாக்குகளை அதிரவைத்து ஸ்வரமாகத்தான் அது வெளியே வந்தாக வேண்டும். அதனால் கை ஓய்ந்த பிறகும் சுருதி ஏழெட்டு விநாடி நீடிக்கும். பிறகு இறங்கும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். சுருதி இறங்கவில்லை. யாராவது பார்த்துவிடப்போகிறார்களே என்று அவசரமாகப் பலகையில் கையை வைத்தாள். அவள் அழுத்துவதற்குச் சற்று முன்பே பலகை நகர்ந்துவிட்டிருந்தது.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷத்தின் ஜூலை அது. மாதுங்காவின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் மழை இருட்டுக்காக நாலு மணிக்கே விளக்கு போட்டிருந்தார்கள். கூடத்தில் குத்துவிளக்கைச் சுற்றி ஆறேழு மாமாக்கள் கண்ணை மூடிக்கொண்டு ராம நாமம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று உதயத்திலிருந்து நாளை உதயம் வரை நாமமும் அறக்கூடாது, சுருதியும் அறக்கூடாது. பாடுகிறவர்கள் முறைவைத்து எழுந்து போனார்கள், வந்தார்கள். பெட்டியை மட்டும் ஷ்யாமளாவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் பாட வராதவள் அவள் ஒருத்திதான்.

"பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் படிச்சவளோன்னோ! வாயத் திறக்க வேண்டாம், துருத்தியைத் திறந்து மூடினாப் போறும்" என்று மைத்துனரின் மனைவி பாகீரதி காலையில் எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஷ்யாமளா தலையைக் குனிந்துகொண்டாள்.

நாமம் அவள் கணவன் சுந்தரராமனுக்காக. மழை தொடங்கியதிலிருந்து அவனுக்கு ஆஸ்துமா விடவில்லை. டாக்டர் கையை விரித்த அன்று அவன் அண்ணா, பாகீரதியின் கணவர் சந்திரமௌலி அகண்டம் வேண்டிக்கொண்டார். பழைய பெட்டியின் துருத்தி கிழிந்திருந்ததால் தாராவிக்கு அனுப்பித் தோல் மாற்றி வாங்கினார்கள். புதுத் தோலைத் தட்டிக் காட்டி, "ரொம்ப இறுக்கமா ஒட்டியிருக்கேன் தாயி. ஒரு பொட்டுக் காத்து வெளிய போவாது" என்றார் தோல் மாற்றிய கரீம் பாட்சா. தோல் ஆசாரத்துக்கு ஆகாது என்பதால், அது ரப்பர் துணி என்று பாகீரதி மன்னியிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஷ்யாமளாவின் முதுகுக்குப் பின்னால் உள்ளறைக் கதவு. காலையிலிருந்து அதன் வழியாக அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குறுகிய ஓர் இழுப்பு. பிறகு சன்னமான விசிலோடு நீண்டு நீண்டு வெளியேறும் மூச்சு. கேட்கச் சகிக்காத சத்தம். ஆனால் அது கேட்கும்வரை அவன் இருக்கிறான். பத்தரை மணி சுமாருக்கு ஒரு தடவை அது நின்றது. அவள் கையும் நின்றது. பிறகு மறுபடி வந்தது, முன்னைவிடத் தெளிவாக. சந்திரமௌலி அறையிலிருந்து வெளியே வந்து கதவைச் சாத்தி, நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஊசி போட்டாச்சு. தூங்கறான். யாரும் கதவைத் திறக்கப்படாது" என்றார். அதற்குப் பிறகு அவர் நாமம் சொல்லவில்லை. சுருதிப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பாத்திரம் தேய்க்கிற ஆறுமுகத்தாய் கோணியில் சுற்றிய ஐஸ் பாளத்தைத் தலையில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தாள். "மாஹிம்ல இருந்து தூக்கிட்டு வாரேன், இது ரெண்டாவது நடை. பானகத்துக்கா இம்புட்டு ஐஸு? குடிச்சா அத்தனை பேருக்கும் தொண்டை கட்டிக்கிடும், பெறவு எங்குட்டுப் பாட?" என்றாள். பாகீரதி சிரிக்கவில்லை. "வாயை மூடிண்டு பின்கட்டு வழியா உள்ள வை" என்றாள். பானகம் வரவேயில்லை.

இப்போது பலகையின் மேல் கையை லேசாக வைத்து, அழுத்தாமல், ஷ்யாமளா கவனித்தாள்.

பலகை கொஞ்சமாக விரிந்தது, வெடுக்கென்று. பிறகு மெதுவாக மூடியது. மிக மெதுவாக. முதுகுக்குப் பின்னால் குறுகிய ஓர் இழுப்பும், நீண்ட விசிலும்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். வேண்டுமென்றே வேகமாக அழுத்திப் பார்த்தாள். விசில் திணறியது. உடனே விட்டாள். நாமம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கியது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. பெட்டியின் துளைகளிலிருந்து வந்த காற்று அவள் முழங்கையில் பட்டது. அறைக் காற்று அப்படி இராது. அது வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. யூகலிப்டஸ் தைலமும், ஆஸ்துமாவுக்கு எரிக்கும் பொடியின் கசப்புப் புகையும், அவற்றுக்கு அடியில் இரவெல்லாம் தூங்காத வாயின் புளித்த வாடையும் அதில் இருந்தன. எத்தனையோ ராத்திரிகள் தன் தோளில் சாய்ந்தபடி அவன் விட்ட மூச்சின் வாடை.

காபிக்காகப் பாதிப் பேர் எதிர்வீட்டுக்கு எழுந்து போனார்கள். சந்திரமௌலியையும் யாரோ வற்புறுத்தி அழைத்துப்போனார்கள். பாகீரதி டம்ளர்களோடு பின்னால் போனாள். கூடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள், கண்ணை மூடியபடி.

ஷ்யாமளா எழுந்தாள்.

பெட்டி தானாக விரிந்தது. மூடியது. சுருதி அறவில்லை.

நாற்காலியை நகர்த்தினாள். கதவில் காதை வைத்தாள். உள்ளே சத்தமே இல்லை. நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

விசில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கூடத்தில்.

கதவைத் திறந்தாள். குளிர். கட்டிலின் கீழே ஐஸ் பாளங்கள், மரத்தூள், கோணி. தரையெல்லாம் தண்ணீர். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கழுத்துவரை போர்வை. தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பொத்தியது.

"கத்தாதே" என்று, எதிர்வீட்டிலிருந்து திரும்பிவிட்ட பாகீரதி காதருகில் சொன்னாள். "கத்தாதேடி. அவனுக்குக் கேட்டுடும்."

ஷ்யாமளா கட்டிலைப் பார்த்தாள். பாகீரதி கட்டிலைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க மூச்சு நின்ன உடனே அங்க கேட்டுது. அவர் தன் காதால கேட்டார். நானும் கேட்டேன். நீ சாப்பிடப் போனப்போ பெட்டியை என் மடிலதானே வச்சிண்டிருந்தேன்... நாமம் பிடிச்சு வச்சிருக்குடி. அவனுக்குத் தெரியலை, அதனால போகலை. நாளைக்கு உதயம்வரைக்கும் அறாம இருந்தா மறுபடி உடம்புக்குள்ள வந்துடுவான்னு அவர் சொல்றார். தீட்டுன்னு வெளில சொன்னா எல்லாரும் எழுந்து போயிடுவா. நாமம் நின்னுடும். உடம்பு கெடாம இருக்கணுமேன்னுதான் ஐஸு."

"வலிக்காதா?" என்றாள் ஷ்யாமளா.

"என்னது?"

"அவருக்கு. அங்க."

ஷ்யாமளாவுக்குத் தெரிந்தது. உள்ளே போன காற்று வந்த வழியில் திரும்பாது. நாக்கு அடைத்துக்கொள்ளும். காலையிலிருந்து அவன் மூச்சை இழுக்கிறான். இழுப்பதெல்லாம் ஸ்வரமாகப் போகிறது. அவனுக்கென்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. எந்த ஊசியும் எட்டாத இடத்தில், முடிவே வராத ஒரு ஆஸ்துமா. உதயத்துக்கு இன்னும் பதினாலு மணி நேரம். உதயத்தில் அவன் வரமாட்டான். இவர்கள் இன்னொரு நாள் நீட்டுவார்கள்.

கூடத்துக்கு வந்தாள். சந்திரமௌலி திரும்பி வந்திருந்தார். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, அதைக் குழந்தையைப்போல் இரண்டு கையாலும் அணைத்திருந்தார். "ஒண்ணுமில்லேடா சுந்து, ஒண்ணுமில்லே. டாக்டர் வந்துண்டிருக்கார். தூங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஈரம். காபி குடித்துவிட்டு வந்தவர்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். பக்தியில் உருகுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

பலகை விரிந்தது. போதவில்லை. இன்னும் விரிந்தது. புதுத் தோலின் மடிப்புகள் நெஞ்செலும்புகளைப்போல் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒட்டிய இடத்தில் ஒரு நூல்கூட விடவில்லை. பிறகு அந்த விசில். ஷட்ஜமும் பஞ்சமமும் அதில் நசுங்கி ஒன்றாகி ஒரு முனகலாயின. பாடுகிறவர்கள் கண்ணைத் திறக்காமலே அந்த முனகலோடு தங்கள் குரலைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"உக்காரு" என்றார் சந்திரமௌலி அவளிடம், கெஞ்சலாக. "கையை வைம்மா. நீ வச்சாத்தான் அவனுக்கு லேசா இருக்கு."

அவள் உட்கார்ந்தாள். கையை வைக்கவில்லை. கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் பெரியவர்கள் முன்னால் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. குனிந்து, துளைகளிடம் வாயைக் கொண்டுபோனாள். ஈரமான காற்று உதட்டில் பட்டது.

"ஏன்னா" என்றாள்.

பலகை பாதி விரிந்தபடி அப்படியே நின்றது. சுருதி நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். மாமாக்களின் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறி ஓய்ந்தன. கண்கள் திறந்தன. "வேண்டாம், வேண்டாம்" என்று சந்திரமௌலி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அவள் விடவில்லை. தோலுக்குள் ஏதோ அவள் கன்னத்தின் பக்கமாக மெல்லச் சாய்ந்தது.

"ஏன்னா, நீங்க காலம்பறவே செத்துப்போயிட்டேள்."